பழைய மிலிட்டரி ஒன் டன்னை தினமும் ஓட்டோணும்னா

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. எனக்கு ஊரு காங்கேயம் பக்கம். ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்ட இருந்து நிசான் ஒன் டன் மிலிட்டரி வண்டி வாங்கியிருக்கேன். 6 வருசமா அவரோட கொறங்காட்டுல வேலமரத்தடியில நின்ன வண்டி. பெட்ரோல் இன்ஜின், ஹேண்டில் போட்டா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலை. ரெடி பண்ணி தினமும் திருப்பூர் கம்பெனிக்கு போக வர ஓட்டோணும், ஞாயித்துக்கிழமை வீட்டுல அவங்களையும் பையனையும் கூட்டிட்டு மலைக்கு போகோணும்னு ஆசை. டீசல் இன்ஜின், பவர் ஸ்டியரிங், ஏசி, பெரிய டயர், பழையபடி ராணுவப் பச்சை பெயிண்ட், பின்னாடி ரெண்டு பக்கமும் பெஞ்சு சீட்டு, இதெல்லாம் போடலாம்னு இருக்கேன். முதல்ல இன்ஜினை மாத்தீரட்டுங்களா?

பதில்: வணக்கமுங்க தம்பி. கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை தான் கவனிச்சேன், நீங்க போடறதா சொன்ன 6 சாமான்ல பிரேக்குங்கற வார்த்தையே இல்லீங்க. இன்ஜினை இப்ப மாத்த வேண்டாம். ஏன்னு சொல்றேன், சித்த நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் 17 வருசம் ராணுவத்துல வண்டி ரிப்பேர் பாக்கற ஈஎம்ஈ பிரிவுல வெஹிக்கிள் மெக்கானிக்கா இருந்துட்டு வந்தவன், அப்பறம் சங்ககிரி பக்கம் ஒர்க்‌ஷாப்பு. மிலிட்டரி வண்டின்னா கல்லு மாதிரி, ஒன்னும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அதுல பாதி தான் நெசம். அங்க வெடியால வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் பரேடு, வழியில நிறுத்துனா ஹால்ட் பரேடு, பொழுதோட திரும்பி வந்தா லாஸ்ட் பரேடு, டிரைவர் ஒவ்வொரு தடவையும் ஆயில், தண்ணி, டயர், வீல் நட்டு, ஒழுகல் எல்லாம் பார்த்துட்டு தான் நகருவான். வாரத்துக்கு ஒருநாள் மெயிண்டனன்ஸ் பரேடு, அன்னைக்கு கிரீஸ் கன்னை எடுத்துட்டு அடியில படுத்தா எந்திரிக்க நேரமாகும். அவனுக்கு பின்னாடி எங்களை மாதிரி மெக்கானிக்கு, எங்களுக்கும் பின்னாடி பெரிய ஒர்க்‌ஷாப்பு. அந்த வண்டி தானா நல்லா இருந்ததில்லைங்க, இத்தனை பேரு சேர்ந்து நல்லா வெச்சிருந்தோம். இப்ப அந்த அத்தனை பேரும் நீங்க ஒருத்தர் தான், அதுவும் காலைல கம்பெனிக்கு நேரத்துக்கு போய் சேரோணும். அதனால எந்த வேலை பண்றதா இருந்தாலும் ஒன்னே ஒன்னு கேட்டுக்கோங்க, இது நான் தினமும் குனிஞ்சு பாக்க வேண்டியதை கொறைக்குதா எச்சாக்குதான்னு. நான் கீழ சொல்றது பூரா அதை வெச்சு தான்.

முதல்ல பிரேக்கு. நாலு பக்கமும் டிரம், ஹைட்ராலிக். 6 வருசம் நின்ன வண்டில பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை குடிச்சு தண்ணியா ஆயிருக்கும், வீல் சிலிண்டருக்குள்ள துரு ஏறி புள்ளி புள்ளியா அரிச்சிருக்கும், அதுல புது வாசர் மட்டும் போட்டா 2 மாசத்துல மறுபடி ஒழுகும். சிலிண்டரை கழட்டி கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ நல்ல லேத்துக்கு கொண்டுபோய் ஸ்லீவ் போடுங்க, டிரம்மை கடைஞ்சு வட்டம் பாக்கச் சொல்லுங்க, லைனிங் புதுசு. ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும், திரும்பவும் சொல்றேன், எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு புதுசு போடுங்க, வெளிய பாத்து முடிவு பண்ணாதீங்க. நான் ஒருக்கா அப்படி முடிவு பண்ணுனேன். சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தரோட வண்டி, முன் ஹோஸ் பாக்க பளபளன்னு இருந்துச்சு, விட்டுட்டேன். அவரோட நானும் ஏறி திம்பம் போயிட்டு இறங்கறப்ப, 27 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, பெடல் அப்படியே பலகையோட போயிருச்சு. ஒன்னாவது கியரு, ஹேண்ட் பிரேக்கு, மலை பக்கத்து மண்ணுல ஒரசி ஒரசி நிறுத்துனோம். அவரு என்னை ஒரு வார்த்தை திட்டலைங்க, அது இன்னும் எனக்கு வலிக்குது. அந்த வண்டி ஒரே சர்க்யூட்டு, ஒரு ஹோஸ் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. பெடலை மிதிச்சா ஆயிலை தள்ளற மாஸ்டர் சிலிண்டரையும் உங்க வண்டில பாருங்க, ஆயில் ஒரே லைன்ல வெளிய போச்சுன்னா அதை மாத்தி முன்னாடிக்கு தனி பின்னாடிக்கு தனின்னு பிரிக்கற டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுங்க. உங்க லிஸ்ட்டுல இருக்கற எல்லாத்தையும் விட இது முக்கியமான மாத்தம்.

அடுத்தது ரிம்மு. இதை நிதானமா படிங்க. மிலிட்டரி ரிம்முல ரெண்டு வகை எச்சா வரும், ஒன்னு டயரை ரிம்முல பிடிச்சு வெக்கற இரும்பு வளையம், அதாவது லாக் ரிங் போட்டது, இன்னொன்னு ரெண்டு தட்டை நட்டு போட்டு சேர்த்தது. ரெண்டாவது வகைல வண்டியில மாட்டற வீல் நட்டு வேற, தட்டை சேர்த்து பிடிக்கற நட்டு வேற. காத்து இருக்கறப்ப அந்த சேர்க்கற நட்டை கழட்டுனா தட்டு குண்டு மாதிரி தெறிக்கும், ஆள் மிஞ்ச மாட்டாங்க. லாக் ரிங்கும் அப்படி தான், துரு தின்ன ரிங்கு பள்ளத்துல சரியா உக்காராம காத்து ஏத்தறப்ப எகிறும். ஊருல பைக் பஞ்சர் ஒட்டற பையன்கிட்ட இதை குடுக்காதீங்க, பாவம் அவனுக்கு தெரியாது. லாரி டயர் பாக்கற பழைய ஆளுகிட்ட, கூண்டு இருக்கற இடமா பாத்து குடுங்க, கூண்டு இல்லைன்னா ரிம்முக்கு குறுக்க சங்கிலி சுத்தி, நீள ஹோஸ் வெச்சு, எதுக்க நிக்காம தள்ளி நின்னு தான் காத்து ஏத்தோணும். தினமும் ஓட்டறதுன்னா அளவு ஒத்துப்போற ஒத்தை பீஸ் ரிம்முக்கு மாறிக்கறது தான் என்ற விருப்பம், வழியில பஞ்சர் ஆனா எந்த கடையிலயும் நிம்மதியா குடுக்கலாம்.

டயர் பாக்க பட்டன் நல்லா இருக்கும், ஆனா பக்கவாட்டுல 4 நம்பர் இருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். 1214ன்னு இருந்தா 2014ல 12வது வாரம் செஞ்சது, அது எவ்வளவு பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். பெரிய டயர் போடற ஆசையை விட்டுருங்க. டயர் பெருசானா அதே பிரேக்குக்கு வேலை எச்சு, ஸ்டியரிங் இன்னும் கனம், ஸ்பீடோ மீட்டர் தப்பா காட்டும். சேத்துக்குன்னு வர்ற கட்டை பட்டன் டயர் மழைல தார் ரோட்டுல வழுக்கும், படியூர் வர்றதுக்குள்ள சத்தத்துல தலை வலிக்கும். கம்பெனி அளவுல ரோட்டு பட்டன் போதும்.

ஸ்டியரிங்குல கிங் பின் (முன் சக்கரம் திரும்பற முளை), பேரிங், டை ராடு எண்டு, டிராக் லிங்க் பந்து, ஸ்பிரிங் புஷ்ஷு இதெல்லாம் முதல்ல மாத்துங்க, பல பேரு பவர் ஸ்டியரிங் வேணும்னு வர்றது கிங் பின் கிரீஸ் இல்லாம இறுகி கெடக்கறதால தான், அதை சரி பண்ணி காத்து சரியா வெச்சாலே பாதி கனம் போயிரும். அப்பறமும் வேணும்னா ஹைட்ராலிக் பாக்ஸ் போடலாம், ஆனா பாக்ஸ் உக்கார்ற இடத்துல சேசிசை உள்பக்கமா பிளேட் வெச்சு பலப்படுத்தோணும், ராடை நீட்டறதுக்கோ வளைக்கறதுக்கோ வெல்டிங் மட்டும் வைக்கவே கூடாது. வெல்டிங் வெச்ச ஸ்டியரிங் ராடோட ஒரு வண்டி என்ற ஷெட்டுக்கு வந்தா அது அப்படியே வெளிய போக நான் விடறதில்லைங்க.

இனி இன்ஜினு. இது ஜோங்கான்னு சொல்ற ராணுவ ஜீப்புல வர்ற அதே குடும்பம், 6 சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல், சுமார் 110 குதிரை சக்தி. அருமையான இன்ஜினுங்க, ஐடிலிங்ல பானட் மேல டம்ளர்ல தண்ணி வெச்சா அலுங்காது. ஸ்டார்ட் பண்றதுக்கு செல்ஃபை போட்டு இழுத்துட்டே இருக்காதீங்க. பிளக்கு ஆறையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒருநாள் ஊற விடுங்க, அப்பறம் ஹேண்டில்ல கையால சுத்துங்க. பழைய ஆயிலை இறக்கி பாருங்க, பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்குது, அங்கயே நிறுத்திக்கோங்க. நல்லா இருந்தா புது ஆயிலை ஊத்தி, பிளக்கு இல்லாமயே செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் ஏறுதான்னு பாத்துட்டு தான் பிளக்கை மாட்டோணும். டேங்க் பெட்ரோலை நம்பாதீங்க, அது வார்னிஷ் ஆயிருக்கும், ஒரு கேன்ல புது பெட்ரோல் வெச்சு தனி ஹோஸ் குடுங்க, பக்கத்துல தீயணைப்பான் ஒன்னு வெச்சுக்கோங்க. மரத்தடியில நின்ன வண்டிங்கறதால ஏர் கிளீனர்ல எலி கூடு, சைலன்சர் வாயில குளவி மண்ணு கட்டிருக்கும். ஆக்சில் நடுவுல இருக்கற பல்லு பெட்டி, அதான் டிபரன்ஷியல், அது மேல காத்து போக சின்ன பிரீதர் இருக்கும், அதையும் குளவி அடைச்சிருந்தா சூடாகறப்ப காத்து வெளிய போக வழியில்லாம ஆயில் சீலை தள்ளீட்டு வந்து பிரேக் லைனிங்ல இறங்கும், எல்லாரும் சீல் சரியில்லைன்னு மூணு தடவை மாத்துவாங்க.

ரெண்டு விசயம் இந்த இன்ஜின் பொறந்த காலத்துல இல்லாதது. ஒன்னு, அப்ப பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு, அது வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி. 2000 பிப்ரவரில இருந்து நம்ம நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் கெடையாது. மிலிட்டரில கொஞ்ச கிலோமீட்டர் ஓடற வண்டிக்கு தெரியாது, தினமும் ஓட்டுனா சீட்டு தேஞ்சு உள்ள இறங்கி டேப்பட் கேப்பு (வால்வுக்கு விடற இடைவெளி) குறைஞ்சுட்டே வரும். ஹெட்டு கழட்டறப்ப கெட்டியான வால்வு சீட்டு அடிச்சுக்கோங்க, கோயமுத்தூர்ல அதை சுத்தமா பண்ற பட்டறைங்க இருக்குது, பம்பும் ஃபவுண்டரியும் வளர்ந்த ஊரு, இந்த வேலைக்கு வேற எங்கயும் போக வேண்டியதில்லை. இன்னொன்னு, இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாப்ரம், கார்புரேட்டர் வாசர் எல்லாம் அதுல ஊறி உப்பி போயிரும், ஒழுகுன இடம் சூடான சைலன்சர் மேலன்னா தீ தான். எத்தனால் தாங்கற ரப்பரா கேட்டு வாங்கி மாத்துங்க. எத்தனால் தண்ணியை இழுக்கும், டேங்குல துருவையும் கெளப்பி விடும், அதனால டேங்கை இறக்கி சுத்தம் பண்ணி, லைன்ல கண்ணாடி பில்டர் ஒன்னு போடுங்க. வாரக்கணக்குல நிறுத்தற மாதிரி இருந்தா டேங்குல பழசை வெச்சுக்காதீங்க.

இப்ப டீசல் ஆசைக்கு வர்றேன். கணக்கு எனக்கும் புரியுதுங்க. காங்கேயம் திருப்பூர் போக வர 60 கிலோமீட்டர் கிட்ட, இந்த வண்டி லிட்டருக்கு 4 குடுத்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம், அப்ப ஒரு நாளைக்கு 15 லிட்டர், லிட்டர் 100 ரூவான்னாலும் 1500 ரூவா, மாசம் 25 நாளுக்கு 37500. மனசு டீசலுக்கு போகத்தான் செய்யும். 1996ல ஜோங்காவுக்கே ஹினோ டீசல் போட்டு கொஞ்சம் வண்டி பொதுமக்களுக்கு வித்தாங்க, அதனால முடியாததில்லை. ஆனா நம்மூரு பட்டறைல போடறப்ப என்ன ஆகுதுன்னா, பெல் ஹவுசிங்குக்கு நடுவுல வெக்கற அடாப்டர் பிளேட்டு சென்டர் கொஞ்சம் தவறுனாலும் கியர்பாக்ஸ் முன் பேரிங்கை வருசத்துக்கு ஒருக்கா தின்னும். டீசல் கனம், முன் ஸ்பிரிங் உக்காரும், பள்ளத்துல ஆக்சில் மேல வந்து இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டில (சம்ப்பு) இடிக்கும். பெட்ரோல் இன்ஜின் சுத்தற அளவுக்கு டீசல் சுத்தாது, டிபரன்ஷியல் பல்லு அதே தான்னா டாப் ஸ்பீடு இன்னும் கொறையும். முக்கியமா, பிரேக் பூஸ்டர் இருந்தா அது பெட்ரோல் இன்ஜின் மேனிபோல்ட் இழுக்கற வேக்கத்துல வேலை செய்யறது, டீசல்ல அந்த வேக்கம் வராது, தனியா வேக்கம் பம்பு வேணும், அதை மறந்து விட்ட வண்டியை நான் கண்ணால பாத்திருக்கேன். முதல்ல நான் கேட்டேனே, பாக்க வேண்டியது கொறையுதா எச்சாகுதான்னு, இதுல எச்சாகும்.

பேப்பரும் இருக்குது. 1988 மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கறதுக்கும் தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கும் மாறா வண்டியை மாத்த முடியாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிருச்சு. பெட்ரோல்னு இருக்கற ஆர்சில டீசலை வெச்சு ஓட்டி, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கையை விரிக்கும். அதனால ஒரு போல்ட்டு கழட்டறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல போய் எழுத்துல கேளுங்க, வாய்ல சொன்னா போதாது. அதுக்கும் முன்னாடி உங்க பேப்பரே சரியான்னு பாருங்க. ராணுவத்துல இருந்து வெளிய வந்த வண்டிக்கு படிவம் 21ல அசல் விற்பனை சான்றிதழ் இருக்கோணும், 47வது விதில இது தனியாவே சொல்லியிருக்குது. ஏலத்துல எடுத்தவரு பேருல ஆர்சி ஆச்சா, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில இருக்கறதோட ஒத்துப்போகுதா, ஆர்சியோட தேதி முடியாம இருக்குதான்னு பாருங்க. இது எதுவும் சரியில்லைன்னா வண்டிக்கு ஒரு ரூவா செலவு பண்ணாதீங்க, உங்களுக்கு வண்டி வித்தவர்கிட்ட போய் உக்காருங்க. 50 வருசம் தாண்டுன வண்டின்னா விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணலாமேன்னு யாராவது சொல்வாங்க, 2021ல வந்த அந்த விதில கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போடறது இந்த மாதிரிக்கு தான் ரோட்டுல எடுக்கலாம், கம்பெனிக்கு தினமும் ஓட்ட முடியாது.

பச்சை பெயிண்ட்டும் கெடையாதுங்க. மத்திய மோட்டார் வாகன விதி 121, ராணுவ வண்டி தவிர வேற எதுக்கும் ஆலிவ் பச்சை அடிக்க கூடாதுன்னு சொல்லுது. எனக்கும் அந்த நிறத்து மேல பாசம் உண்டு, 17 வருசம் அதுக்குள்ளயே இருந்தவன், ஆனா அது வேலைல இருக்கறவங்களோடது. காங்கேயம் மண்ணு நிறமோ, சாம்பலோ அடிங்க, அழகா தான் இருக்கும், நிறம் மாத்துனதை ஆர்சிலயும் ஏத்தீருங்க. பின் டிபரன்ஷியல்ல வெள்ளை பெயிண்ட்டும் அதுக்கு மேல சின்ன லைட்டும் இருந்தா எடுத்துறாதீங்க, ராத்திரி கான்வாய்ல முன் வண்டியை பாத்து ஓட்ட வெச்சது, அது ஒரு ஞாபகமா இருக்கட்டும்.

பின்னாடி பெஞ்சு சீட்டுல பையனை உக்கார வைக்காதீங்க தம்பி. பக்கவாட்டு சீட்டுல பெல்ட் போட்டும் பிரயோஜனமில்லை, ஒரு சடன் பிரேக்குக்கு குழந்தை கேபின் தகரத்துல போய் மோதும். மூணு பேரும் முன்னாடி, ஆளுக்கொரு பெல்ட்டு, பெல்ட்டு நட்டு தகரத்துல இல்லாம சேசிசோட சேர்ந்த பிளேட்ல. அப்படி வசதி பண்ண முடியலைன்னா மலைக்கு அவங்களை கார்ல கூட்டிட்டு போங்க. ஏசி கேன்வாஸ் கூரைக்கு நிக்காது, அந்த காசுக்கு கேபின் தரைலயும் இன்ஜின் பக்கத்து தகரத்துலயும் சூடு தடுக்கற ஷீட் ஒட்டுங்க, வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

வயரிங் பூராவும் புதுசா இழுக்கோணும். அதுக்கு முன்னாடி 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு பாருங்க, ரேடியோ வைக்கறதுக்குன்னு செஞ்ச வண்டில 24 வரும், அது தெரியாம 12 பல்பு போட்டு எரிச்சவங்க நெறைய. பேட்டரி பக்கத்துல ஒரு மெயின் பியூசும் கட் ஆப் சுவிட்சும், ஹெட்லைட்டுக்கு ரிலேயும் போடுங்க. கான்வாய் லைட் சுவிட்சை எடுத்துட்டு சாதா சுவிட்ச் வைங்க, இல்லைன்னா ராத்திரி அவசரத்துல தப்பான பக்கம் திருப்பி இருட்டுல நிப்பீங்க.

சாமானுக்கு வண்டி பேரு சொல்லி கேட்டா கடைக்காரர் இல்லைன்னு தான் சொல்வாரு. ஆயில் சீலுக்கு உள் அளவு, வெளி அளவு, கனம், பேரிங்குக்கு மேல குத்தியிருக்கற நம்பர், இதை எழுதிட்டு போய் கேளுங்க, முக்கால்வாசி கோயமுத்தூர்லயே கிடைக்கும். மத்தது டெல்லில பழைய வண்டி சாமான் விக்கற மாயாபுரி பக்கம் தேடோணும், அங்க இருந்து வர்ற பழைய சாமானை பிரிச்சு அளந்து பாக்காம மாட்டாதீங்க.

நீங்க பண்ண வேண்டிய வரிசைன்னு கேட்டா பேப்பர், பிரேக்கு, ரிம்மு டயரு, ஸ்டியரிங்கு, டேங்கும் லைனும், வயரிங்கு, அதுக்கு அப்பறம் பெட்ரோல் இன்ஜின்லயே ஒரு 6 மாசம். முதல் மாசம் காங்கேயத்த சுத்தி இட்டேரிலயும் ஊருக்குள்ளயும் மட்டும், திருப்பூருக்கு வாரத்துல 2 நாள், வேகம் 60க்கு மேல வேண்டாம். தார் ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க, முன்னும் பின்னும் இழுத்துக்கிட்டு பல்லை முறிக்கும். அந்த 6 மாசத்துல தினமும் வெடியால 10 நிமிசம் ஃபர்ஸ்ட் பரேடு உங்களால பண்ண முடியுதான்னு பாருங்க, முடிஞ்சா டீசல் பேச்சை அப்பறம் பேசலாம், நானே வந்து அளவெடுத்து தர்றேன். முடியலைன்னா வாரத்துக்கு ஒருநாள் தோட்டத்துக்கு மட்டும் எடுங்க, கம்பெனிக்கு வேற வண்டில போங்க, அதுல ஒரு குறையும் இல்லீங்க.

இப்போதைக்கு ரிம்மை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நட்டு எத்தனை வரிசைன்னு தெரியற மாதிரி கிட்ட வெச்சு எடுங்க. நான் பாத்து சொல்ற வரைக்கும் அந்த டயருல யாரையும் காத்து அடிக்க விடாதீங்க.